வெளிநாள்

மாங்குளம் சந்தியில்
போட்டோக்கொப்பி ஒரு பக்கம் பத்து ரூபா.
கடவுச்சீட்டென்றால் எல்லாப் பக்கமும் கேட்பார்கள்.
வெறும் பக்கத்துக்கும் அதே காசு.

தயாபரராசன் கொண்டுவந்தது நீலப் புத்தகம், கனடா.
விசா தேவையில்லை என்பதைக்
காணி உறுதி மாதிரிச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தவர்.
இப்போது மச்சான் வீட்டு முன்னறையில்
நுளம்புவலைக்குள் படுத்திருக்கிறார்,
ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பதற்காக.

வெளியே இருப்பதற்கு
மொன்றியலும் ஒன்று, மாங்குளமும் ஒன்று.
இங்கே சாப்பாட்டுச் செலவு குறைவு என்றார்.

போன வருசக் கலண்டரின் பின்புறத்தில் கோடிழுத்தேன்.
தை பத்தில் உள்ளே.
பங்குனி முப்பதில் வெளியே.
எண்பது நாள்.
பிறகு இலண்டனில் ஒரு செத்தவீடு.
சித்திரை ஆறில் திரும்பவும் பாரிஸ்.
கடலைத் தாண்டிப் போய் வந்தால்
தொண்ணூறும் முதலிலிருந்து தொடங்கும் என்று
லாச்சப்பலில் ஆரோ சொன்னார்களாம்.

ஆரோ.
இந்தக் கடைக்கு வரும் எல்லாச் சிக்கலிலும்
அந்த ஆளுக்கு ஒரு பங்குண்டு.

சித்திரை பதினாலு இரவு
மகள் சாம்பவிதான் விரல் மடித்து எண்ணியிருக்கிறாள்.
ஏழாம் மாத வயிற்றோடு
அப்பாவின் பெட்டியை அவளே அடுக்கினாளாம்.

துருசைப் பூட்டித் திறந்தால்
இரணைமடு நிரம்பிவிடுமா அண்ணை என்று கேட்டேன்.
விட்ட தண்ணி விட்டதுதான்.
எந்த நாளில் நின்றாலும்
நூற்றெண்பது நாள் பின்னுக்குப் பார்ப்பார்கள்.
இறங்கிய நாளும் கணக்கு, ஏறிய நாளும் கணக்கு.
தை பத்து அந்தக் கோட்டைவிட்டு விழுந்தால்தான்
உங்கள் கையில் ஒரு நாள் வரும்.
அது ஆடி ஒன்பது.

எட்டாந் திகதி இரவு பதினொன்றரைக்கு
விமானம் இறங்கினால் பிழை.
முக்கால் மணித்தியாலம் பிந்தினால் சரி.
பிந்துகிற விமானத்துக்கு ரிக்கற் கேட்ட
முதல் ஆள் இவராகத்தான் இருக்கும்.

பிள்ளைக்கு ஆனி நடுவில் என்று குறித்திருந்தது.
முப்பத்தொன்றுக்கு எப்படியும் நிற்பேன் என்றார்.
அது ஆனி மூன்றிலேயே வந்துவிட்டது.

கடைக்கு வந்து
கனநேரம் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
"பிறந்த நாளையும் சேர்த்தோ எண்ணுறது?"
"சேர்த்துத்தான். ஆடி மூன்று."
"சேர்க்காட்டி?"
"ஆடி நாலு."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
மெசினில் தாள் சிக்கியிருந்தது,
இழுத்தபோது பாதிதான் வந்தது.

அவருக்கு நான் சொல்லாத ஒன்று.
தொண்ணூற்றெட்டில் எனக்கும் ஒரு துண்டு இருந்தது.
கண் வைத்தியத்துக்கு வவுனியா, பதினாலு நாள்.
கீழே பிணை என்ற இடத்தில்
அண்ணன் கேதீசனின் கையெழுத்து.
நான் வராவிட்டால் அவன் போகவேணும்.
எங்கே என்று துண்டில் எழுதியிருக்கவில்லை.
அந்தப் பக்கத்துக்காரருக்கு வேறு துண்டு, வேறு திகதி.
இரண்டில் எது முந்தி முடியும் என்று
ஒற்றைக் கண்ணால் எண்ணிப் பார்த்து
ஒன்பதாம் நாளே திரும்பினேன்,
கட்டு அவிழ்க்காமல்.
அந்தக் கண் பிறகு சரிவரவில்லை.
மீதி ஐந்து நாளை
ஒருவரும் என்னிடம் கேட்கவுமில்லை, தரவுமில்லை.

ஆடி ஏழு பின்னேரம் தயாபரராசன் கொழும்பு பஸ் ஏறினார்.
பிள்ளைக்கென்று புழுங்கலரிசி இரண்டு கிலோ,
ஒரு மாதப் பிள்ளைக்கு.
கலண்டரை மடித்துக்கொண்டு போனார்.
அதற்கு நான் காசு வாங்கவில்லை,
கொப்பிக்கு வாங்கினேன்.

டோனர் எடுக்க
மாதத்தில் ஒருக்கால் வவுனியா போகிறேன்.
ஓமந்தையில் இப்போது ஒன்றுமில்லை,
பஸ் அப்படியே போகும்.
என் கைதான் பைக்குள் நுழைந்து
எதையோ துழாவும்.
ரிக்கற் காசென்று நினைத்து
நடத்துனர்ப் பெடியன் சொல்வான்:
"அது பேந்து பாப்பம், இருங்கோ அக்கா."